26 வயதில் டிஸ்க் விலகல்: இனி ஓட முடியுமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு 26 வயது. நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்காரும் வேலை. ஏழு வாரத்துக்கு முன் ஷூ லேஸ் கட்டக் குனிந்தபோது இடுப்பில் சட்டென்று ஒரு பிடிப்பு. மூன்றாம் நாள் அந்த வலி இடது பிட்டம், தொடையின் பின்பக்கம், கெண்டைக்கால் வழியாக இறங்கிக் குதிகால்வரை போய்விட்டது. எம்ஆர்ஐ அறிக்கையில் 'எல்5-எஸ்1 டிஸ்க் எக்ஸ்ட்ரூஷன், இடது எஸ்1 நரம்பு வேரில் அழுத்தம்' என்று இருக்கிறது. அதாவது இடுப்பின் கடைசி எலும்புக்கும் அதற்குக் கீழே உள்ள எலும்புக்கும் நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க் பிதுங்கி, இடது காலுக்குப் போகும் எஸ்1 என்ற நரம்பை அழுத்துகிறது. ஒரு மருத்துவர் ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார், இன்னொருவர் படுத்து ஓய்வெடுக்கச் சொல்கிறார். இது ஆயுசுக்கும் இருக்குமா, வேலையை எப்படிச் சமாளிப்பது, முன்போல ஓட முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

நான் பிசியோதெரபிஸ்ட். பதினைந்து வருடமாக முதுகுவலிக்காரர்களோடுதான் என் பகல் பொழுது போகிறது. 27 வயதில் எனக்கும் இதே எல்5-எஸ்1, இதே இடது கால். ஆகவே பாதி படித்ததிலிருந்தும் பாதி பட்டதிலிருந்தும் சொல்கிறேன்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் எந்த இடம் படுமோ, அந்த இடம் மரத்துப்போனால், அதாவது பிறப்புறுப்பு, ஆசனவாய், உள்தொடை ஆகியவற்றில் தொடு உணர்வு குறைந்தால் அது சாதாரண டிஸ்க் வலி கிடையாது. சிறுநீர் வர மறுப்பது, மூத்திரப்பை நிறைந்தது தெரியாமல் போவது, தன்னை அறியாமல் கசிவது, மலத்தை அடக்க முடியாமல் போவது, ஒரு காலில் இருந்த வலியோ பலவீனமோ இரண்டு காலுக்கும் வருவது ஆகியவையும் அப்படித்தான். தண்டுவடத்தின் அடியில் குதிரைவால்போலத் தொங்கும் நரம்புக் கற்றை மொத்தமாக நசுங்குகிறது என்று பொருள். அபூர்வமாகத்தான் வரும். ஆனால் வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தூங்கப் போகக்கூடாது, அந்த நேரமே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகக்கூடும். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு ஒருநாள் பொறுத்துப் பார்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து கூச்சப்படாதீர்கள்.

அடுத்தது, வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை. சுவரில் இரண்டு விரலை மட்டும் சாய்த்துக்கொண்டு வலது காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். இப்போது இடது காலில். வலதில் 20 வருகிறது, இடதில் ஆறாவது தடவையே குதிகால் தரையைவிட்டுக் கிளம்ப மாட்டேன் என்கிறது என்றால், கெண்டைக்கால் தசைக்குப் போகும் எஸ்1 நரம்பு சோர்ந்திருக்கிறது. அதேபோலக் குதிகாலால் மட்டும் பத்தடி நடந்து பாருங்கள், கால் கட்டைவிரலை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைக் கைவிரலால் கீழே அழுத்திப் பாருங்கள். அது எல்5 நரம்பின் வேலை. வாரத்துக்கு ஒருமுறை, ஒரே கிழமையில், இந்த எண்ணிக்கையைத் தேதியோடு எழுதி வையுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், இந்த நோயில் வலி ஒரு நல்ல அளவுகோல் இல்லை. துடிக்கத் துடிக்க வலித்தாலும் பலம் அப்படியே இருந்தால் நேரம் உங்கள் பக்கம் இருக்கிறது. வலி திடீரென்று காணாமல் போய், பாதம் தொங்க ஆரம்பித்தால் அது குணமாவது கிடையாது, நரம்பு செயலிழக்கிறது. எண்ணிக்கை வாரா வாரம் குறைந்துகொண்டே வந்தாலோ, நடக்கும்போது பாதம் தரையில் 'தப்' என்று விழுந்தாலோ, இரண்டொரு நாளுக்குள் அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். எண்ணிக்கை நிலையாக நின்றாலோ ஏறினாலோ, இனி நான் சொல்லப்போவதற்கெல்லாம் உங்களுக்கு அவகாசம் உண்டு.

சரி, உள்ளே என்ன நடந்திருக்கிறது? 'ஜவ்வு விலகிவிட்டது' என்கிற பேச்சு கேட்பவரைப் பயமுறுத்துகிறது. ஏதோ தட்டு இடம் மாறிவிட்டது, யாராவது தள்ளி உள்ளே வைத்தால் சரியாகிவிடும் என்று தோன்ற வைக்கிறது. டிஸ்க் எங்கும் விலகாது. மேல் எலும்போடும் கீழ் எலும்போடும் கெட்டியாக ஒட்டியிருக்கும் அது. வெங்காயத் தோல்போல அடுக்கடுக்கான நார் வளையம், நடுவே தண்ணீர் நிறைந்த கூழ். நார் வளையத்தில் ஒரு விரிசல் விழுந்து, அந்தக் கூழ் பிதுங்கி வெளியே வந்திருக்கிறது. இளம் வயதில் இது ஏன் வருகிறது என்று எல்லாரும் ஆச்சரியப்படுகிறார்கள். ஆனால் கூழ் ஈரமாக, அழுத்தத்தோடு இருந்தால்தானே பிதுங்கும்? எண்பது வயதில் டிஸ்க் காய்ந்து போயிருக்கும், பிதுங்க அதிகம் சரக்கு இருக்காது. ஆகவே 'கிழவர்களுக்கு வர வேண்டியது உனக்கு வந்துவிட்டதே' என்று யாராவது சொன்னால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பிதுங்கிய இந்தக் கூழ்தான் காலுக்குப் போகும் வலிக்குக் காரணம் என்று தெளிவாக எழுதப்பட்டதே 1934ல்தான். மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அமெரிக்க அறுவை மருத்துவர்கள் எழுதினார்கள். அதிலிருந்து வெகுகாலம் எல்லாரும் இதை வெறும் 'நசுங்கல்' கணக்காகவே பார்த்தார்கள். பிறகுதான் இன்னொரு பாதி தெரிந்தது. கூழ் நரம்பு வேரின்மேல் படும்போது ரசாயன எரிச்சலையும் கிளப்புகிறது, நரம்பு வீங்குகிறது. வீங்கிய நரம்பை லேசாகத் தொட்டாலும் சுரீரென்கும். அதனால்தான் ஸ்கேனில் பெரிதாகத் தெரிபவருக்கு வலி குறைவாகவும், சின்னதாகத் தெரிபவருக்குத் தாங்க முடியாமலும் இருக்கிறது. முதல் சில வாரத்து அகோர வலியில் பெரும்பங்கு இந்த வீக்கம். வீக்கம் தணியும்.

இப்போது ஒரு நல்ல செய்தி. உங்கள் அறிக்கையில் 'எக்ஸ்ட்ரூஷன்' என்று இருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் நீங்கள் அதிகம் பயந்திருப்பீர்கள். பல்ஜ், புரொட்ரூஷன், எக்ஸ்ட்ரூஷன், சீக்வெஸ்ட்ரேஷன் என்று நான்கு படி சொல்வார்கள். லேசான உப்பலில் தொடங்கி, துண்டாகப் பிரிந்து கிடப்பதுவரை. கேட்க விபரீதமாக இருந்தாலும், தானாகக் கரைவதில் பெரியவைதான் முந்திக்கொள்கின்றன. 2015ல் வந்த ஒரு தொகுப்பாய்வில், துண்டாகப் பிரிந்தவற்றில் 96 சதவீதமும், எக்ஸ்ட்ரூஷனில் 70 சதவீதமும் ஆபரேஷன் இல்லாமலே சுருங்கியிருந்தன. புரொட்ரூஷனில் அது 41, வெறும் பல்ஜில் 13 சதவீதம். காரணம் இதுதான்: டிஸ்க்குக்குள் ரத்த ஓட்டம் கிட்டத்தட்ட கிடையாது. அங்கேயே இருக்கும்வரை உடலின் நோய் எதிர்ப்புச் செல்கள் அதைத் தொடுவதில்லை. வளையத்தைத் தாண்டி வெளியே வந்ததும் அந்நியப் பொருளாகப் பார்த்துத் தின்ன ஆரம்பிக்கின்றன. அதற்கு மாதங்கள் ஆகும். உங்களுக்கு இது ஏழாவது வாரம்.

ஸ்கேன் அறிக்கையில் உள்ள மற்ற வரிகளையும் கூகுளில் தேடித் தேடி இரவு இரண்டு மணிக்குப் படித்திருப்பீர்கள். நானும் படித்தேன். 'டீஜெனரேட்டிவ்' என்ற சொல் என் தூக்கத்தைக் கெடுத்த அளவுக்கு வலிகூடக் கெடுக்கவில்லை. பிறகு தெரிந்துகொண்டது: முதுகுவலியே இல்லாத 20 வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தால் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிகிறது, 30 சதவீதம் பேருக்கு பல்ஜ் தெரிகிறது. தலையில் ஒரு நரைமுடி தெரிவது மாதிரிதான். உங்கள் அறிக்கையில் பொருட்படுத்த வேண்டியது ஒரே வரி: எந்த நரம்பு, எந்தப் பக்கம், அது உங்கள் காலில் வலிக்கும் பாதையோடு ஒத்துப்போகிறதா. ஒத்துப்போகிறது. மீதியை மடித்து வையுங்கள்.

ஆபரேஷன் செய்யலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் நான் எந்தக் கட்சியும் கிடையாது. 2007ல் நெதர்லாந்தில் 283 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. எல்லாருக்கும் 6 முதல் 12 வாரமாகக் கடும் கால்வலி, அதாவது இப்போது நீங்கள் இருக்கும் கட்டம். பாதிப்பேருக்கு உடனே ஆபரேஷன், மீதிப்பேரைப் பொறுத்திருக்கச் சொல்லித் தேவைப்பட்டால் மட்டும் ஆபரேஷன். முதல் குழுவில் பாதிப்பேர் நான்கே வாரத்தில் தேறினார்கள், இரண்டாவது குழுவில் அதற்கு 12 வாரம் ஆனது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். பொறுத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் இடையில் ஆபரேஷன் செய்துகொண்டார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆக, கால் பலம் குறையாதவருக்கு ஆபரேஷன் என்பது சீக்கிரம் வலி குறைய ஒரு வழி. செய்யாவிட்டால் முடமாகிவிடுவோம் என்ற பயத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. செய்துகொண்டால் தோற்றுவிட்டோம் என்று நினைக்கவும் வேண்டியதில்லை.

நானாக இருந்தால் எப்படி முடிவெடுப்பேன்? பலம் குறைகிறது என்றால் தாமதிக்க மாட்டேன். பலம் இருக்கிறது, ஆனால் மூன்று மாதமாகியும் இரவில் தூங்க முடியவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, வலி குறையவே இல்லை என்றால் நிபுணரிடம் உட்கார்ந்து பேசுவேன். இன்று செய்வது பெரும்பாலும் மைக்ரோடிஸ்கெக்டமி, சின்னக் கீறலில் பிதுங்கிய துண்டை மட்டும் எடுப்பது. கால்வலிக்கு அது நன்றாகக் கேட்கும், இடுப்புவலிக்கு அந்த அளவுக்குக் கேட்காது. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் போய் ஏமாந்தவர்கள் உண்டு. எடுத்த இடத்திலேயே மறுபடி பிதுங்கும் வாய்ப்பும் கொஞ்சம் உண்டு. எனக்கு எட்டாவது வாரம் தேதி குறித்தார்கள். பத்தாவது வாரம் வலி தொடையோடு நிற்கத் தொடங்கியது, தேதியை ரத்து செய்தேன். அது என் கதை, உங்களுக்கு வேறு மாதிரி அமையலாம்.

வலி தொடையோடு நின்றது என்றேன் இல்லையா, அதை விளக்க வேண்டும். 1956ல் நியூசிலாந்தில் ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்டிடம் வந்துகொண்டிருந்த ஒரு கால்வலி நோயாளி, தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்த கட்டிலில் தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார். இடுப்பு பின்னால் வளைந்த நிலையில் சில நிமிடம் கிடந்திருக்கிறார். பதறிப்போய் வந்து பார்த்தால், வாரக்கணக்கில் இருந்த கால்வலி போய்விட்டது என்கிறார் நோயாளி. அங்கிருந்து பிறந்ததுதான் வலி 'மையத்துக்கு வருவது' என்ற கருத்து. பாதத்தில் இருந்த வலி கெண்டைக்காலுக்கு, அங்கிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து பிட்டத்துக்கு என்று மேலே ஏறினால், இடுப்பில் வலி கொஞ்சம் கூடினாலும் நல்ல அறிகுறி. இடுப்பு லேசாகி, வலியோ மரத்தலோ கீழே பாதத்தை நோக்கி இறங்கினால் அப்போது செய்யும் காரியத்தை நிறுத்துங்கள். எந்த உடற்பயிற்சி, எந்த நாற்காலி, எந்தப் படுக்கை உங்களுக்கு ஏற்றது என்று யாரிடமும் கேட்க வேண்டாத அளவுக்கு இந்த ஒரு விதி உதவும்.

பயிற்சியைக் குப்புறப் படுத்துத் தொடங்குங்கள். இரண்டு மூன்று நிமிடம் சும்மா படுங்கள். கால்வலி ஏறவில்லை என்றால் முழங்கையை ஊன்றி மார்பை உயர்த்துங்கள். அதுவும் ஒத்துக்கொண்டால், இடுப்பைத் தளர்வாகக் கீழேயே விட்டுக் கையால் மட்டும் தள்ளி எழும்பி இறங்குங்கள், ஒரு தடவைக்குப் பத்து. எல்லாருக்கும் இது ஒத்துக்கொள்ளாது. சிலருக்குப் பின்னால் வளைந்தால் காலில் சுண்டி இழுக்கும். அவர்கள் இதை வம்படியாகச் செய்யக்கூடாது, மல்லாந்து படுத்துக் காலை நாற்காலிமேல் வைத்துக்கொள்வது அவர்களுக்கு இதம்.

இங்கே ஒரு பெரிய தப்பைச் சொல்லியாக வேண்டும். என்னிடம் வரும் இளைஞர்களில் பாதிப்பேர் செய்யும் தப்பு. தொடையின் பின்பக்கம் இறுக்கமாக இழுக்கிறது, ஆகவே தசை சுருங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு தினமும் குனிந்து பாதத்தைத் தொட்டு இழுத்து விடுகிறார்கள். இழுப்பது தசை இல்லை, வீங்கிய நரம்பு. நரம்பை ரப்பர் பேண்ட்போல இழுத்துப் பிடித்தால் அதன் எரிச்சல் கூடத்தான் செய்யும். இழுத்த அன்று சுகமாக இருக்கும், மறுநாள் காலை கெண்டைக்கால் குடையும். மூன்று மாதமாக ஏன் குறையவில்லை என்று கேட்டவர்களிடம் இந்த ஒன்றை மட்டும் நிறுத்தச் சொல்லி, இரண்டு வாரத்தில் வித்தியாசம் கண்டிருக்கிறோம். முதுகில் ஏறி மிதிப்பது, 'சொடக்கு' எடுத்து ஜவ்வை உள்ளே தள்ளுகிறேன் என்பது, இதெல்லாம் இந்தக் கட்டத்தில் வேண்டவே வேண்டாம்.

ஓய்வு பற்றி: படுத்தே கிடக்கச் சொன்ன காலம் மலையேறிவிட்டது. 1999ல் ஒரு ஆய்வில் சயாட்டிகா, அதாவது இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் இந்த நரம்பு வலி உள்ளவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை இரண்டு வாரம் படுக்க வைத்தார்கள். மற்ற குழுவை வழக்கம்போல நடமாட விட்டார்கள். 12 வாரம் கழித்து இரண்டிலும் 87 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். படுத்ததால் எந்த லாபமும் இல்லை. தாங்க முடியாத ஓரிரு நாள் படுங்கள், அதற்குமேல் தசை கரைவதும் மனம் சோர்வதும்தான் மிஞ்சும். நடங்கள். ஆனால் ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வேண்டாம். பத்து நிமிடம் நடந்தால் கால் குடைய ஆரம்பிக்கிறது என்றால் ஏழு நிமிடத்தில் நிறுத்துங்கள், அப்படி ஒரு நாளில் ஐந்து தடவை. வலி வந்த பிறகு நிறுத்துவதற்கும் வருவதற்கு முன் நிறுத்துவதற்கும் உள்ள வித்தியாசம் ஒரே வாரத்தில் தெரியும்.

அன்றாடத்தில் மிக ஆபத்தான நேரம் காலையில் எழுந்த முதல் அரை மணி, ஒரு மணி. இரவு படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணீர் குடித்து உப்புகிறது. ஒரு மனிதர் காலையில் மாலையைவிட ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு உயரமாக இருப்பது இதனால்தான். உப்பிய டிஸ்க் குனிவதைத் தாங்காது. காலையில் குனிவதைத் தவிர்த்தாலே நாள்பட்ட முதுகுவலி குறைகிறது என்று 1998லேயே ஒரு சோதனையில் பார்த்தார்கள். ஆகவே பக்கவாட்டில் உருண்டு, காலைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டே கையால் தள்ளி எழுந்திருங்கள். முகம் கழுவும்போது வாஷ்பேசின்மேல் வளைந்து நிற்காமல், ஒரு கையை அதன் விளிம்பில் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, இடுப்பு மூட்டிலிருந்து சாயுங்கள். காலுறை போடுவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள், படுத்துக்கொண்டே போட்டாலும் தப்பில்லை.

அப்புறம் தும்மல். டிஸ்க் வலிக்காரருக்குத்தான் தெரியும் தும்மலின் அருமை. மூக்கு நமநமக்கும்போதே வயிற்றில் ஒரு பயம் வரும். உட்கார்ந்திருந்தால் எழுந்துவிடுங்கள், ஒரு கையைச் சுவரிலோ மேசையிலோ ஊன்றுங்கள், முதுகை லேசாகப் பின்னால் வளைத்து மேலே பார்த்துத் தும்முங்கள். முன்னால் மடங்கித் தும்மும்போது விழும் அந்த மின்னல் வெட்டு பெரும்பாலும் வராது. மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான், முக்கினால் உள் அழுத்தம் ஏறும். வலி மாத்திரைகளில் சில மலத்தை இறுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வேலைக்கு வருவோம். உட்காருவது முதுகுக்கு எமன் என்ற பேச்சு பழைய அளவீடுகளிலிருந்து வந்தது. 1999ல் ஜெர்மனியில் ஒருவரின் டிஸ்க்குக்குள்ளேயே உணர்கருவி வைத்துப் பார்த்தபோது, நிற்பதில் இருந்த அழுத்தமும் சாயாமல் உட்காருவதில் இருந்த அழுத்தமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தால் அதைவிடக் குறைவு. எகிறியது எங்கே என்றால், முதுகை வளைத்து 20 கிலோ தூக்கியபோது: நிற்பதைப்போல நான்கு மடங்குக்கு மேல். அது ஒரே ஒரு ஆள்மேல் எடுத்த அளவு, ஆனாலும் திசை காட்டுகிறது. உங்களுக்கு உட்கார்ந்தால் வலி ஏறுகிறது என்றால், அதற்குக் காரணம் நாற்காலியின் விலை இல்லை, அசையாமல் இருப்பது. 20 நிமிடத்துக்கு ஒரு அலாரம் வைத்து எழுந்து நில்லுங்கள், போன் பேச்செல்லாம் நின்றுகொண்டோ நடந்துகொண்டோ. இடுப்பின் வளைவில் ஒரு சிறிய துண்டைச் சுருட்டி வைத்தால் போதும். முதுகுக்குக் கட்டும் பெல்ட்டை நீண்ட பயணத்துக்கு, கடும் வலி நாளுக்கு மட்டும் கட்டுங்கள்.

மேலாளரிடம் எப்படிச் சொல்வது என்பது பலருக்கும் தொண்டையில் நிற்கும் விஷயம். 'முதுகுவலி' என்றால் யாரும் பொருட்படுத்துவதில்லை, ஏனென்றால் எல்லாருக்கும் ஒரு முதுகுவலி இருக்கிறது. 'நரம்பு அழுத்தம், மூன்று மாதம் ஆகலாம், ஒரு நேரத்தில் அரை மணிக்குமேல் தொடர்ந்து உட்கார முடியாது, மற்றபடி முழு வேலையும் செய்வேன்' என்று தேவையை எண்ணோடு சொல்லுங்கள். எண்ணோடு சொன்னால் நம்புகிறார்கள். வீட்டிலும் அப்படியே. வெளியே தெரியாத நோய் இது. கட்டு இல்லை, காயம் இல்லை, பார்க்க ஆரோக்கியமான இளவயசு ஆள். 'இந்த வயசுல என்ன வலி' என்று கேட்பவரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லச் சொல்லியே ஒரு களைப்பு வரும். அந்தக் களைப்பு உண்மையானது.

குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்ளும். தப்பாக உட்கார்ந்தேன், ஜிம்மில் கூடுதலாகத் தூக்கினேன், என் தப்புதான் என்று. பின்லாந்தில் இரட்டையர்களை ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டார்கள், 1995ல் வெளிவந்தது. ஒருவர் உடலுழைப்புக்காரர், மற்றவர் மேசை வேலைக்காரர் என்றாலும் டிஸ்க்குகள் ஒன்றைப்போல ஒன்று தேய்ந்திருந்தன. பரம்பரையின் பங்கு, வேலையின் பங்கைவிட வெகு அதிகம். ஷூ லேஸ் மேல் பழி போடாதீர்கள். சிகரெட் பழக்கம் இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். டிஸ்க்குக்குக் கசிந்து வரும் கொஞ்ச நஞ்சச் சத்தும் அதனால் குறைகிறது.

மருந்து பற்றிச் சுருக்கமாக. வீக்கம் குறைக்கும் மாத்திரைகள் ஆரம்பத்தில் ஓரளவு உதவும், வயிறும் சிறுநீரகமும் ஒத்துழைக்கிறதா என்று மருத்துவர் பார்த்துத் தர வேண்டும். நரம்பு வலிக்கென்று எழுதித் தரும் பிரிகாபலின் சயாட்டிகாவில் மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிட நன்றாக வேலை செய்யவில்லை என்று 2017ல் ஒரு நல்ல ஆய்வு காட்டியது. தலைசுற்றல்தான் அதிகம். ஏற்கெனவே சாப்பிடுகிறீர்கள் என்றால் திடீரென நிறுத்தாதீர்கள், கேட்டுவிட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைத் தணிக்கும். கரைய எடுக்கும் காலத்தைக் கடக்க அது ஒரு பாலம், அவ்வளவே.

தூக்கத்துக்கு, பக்கவாட்டில் படுத்தால் முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணை, மல்லாந்தால் முழங்காலுக்கு அடியில். மெத்தை ரொம்பக் கெட்டியாக இருக்க வேண்டும் என்பதில்லை. தாம்பத்தியம் பற்றிக் கேட்கத் தயங்குவார்கள், நானே சொல்லிவிடுகிறேன்: தடை இல்லை. குனிந்தால் வலிப்பவர் முதுகு வளையாத நிலையை, பின்னால் வளைந்தால் வலிப்பவர் அதற்கு எதிரானதைத் தேர்ந்தெடுங்கள், வலி இல்லாத துணை அசையட்டும், வலி இருப்பவர் அசையாமல் இருக்கலாம்.

வலி குறைந்த பிறகு வரும் பயம் இன்னொரு நோய். ஒரு பெண், 29 வயது, ஸ்கேனில் எல்லாம் சுருங்கி எட்டு மாதமாகிறது, ஆனால் குனிவதே இல்லை. கீழே விழுந்த பேனாவைக் காலால் தள்ளிச் சுவரோரம் கொண்டுபோய், சுவரைப் பிடித்து மண்டியிட்டு எடுப்பார். டிஸ்க் ஆறிவிட்டது, முதுகுத் தசைகள் மரக்கட்டையாகிவிட்டன, வலி இப்போது அங்கிருந்து வந்தது. முழங்கால் உயரப் பெட்டியின்மேல் பேனாவை வைத்து எடுக்க வைத்தோம். அடுத்த வாரம் அதைவிடத் தாழ்ந்த பெட்டி. ஆறாவது வாரம் தரை. எடுத்துவிட்டு நிமிர்ந்து நின்று அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். காலை அரை மணி தவிர, வலி அடங்கிய பிறகு குனிவதற்குத் தடை எதுவும் கிடையாது. முதுகு குனிவதற்காகத்தான் இருக்கிறது.

வலி திரும்ப வரும். இதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆறு மாதம் நன்றாக இருந்து, ஒரு நீண்ட பயணத்துக்குப் பிறகு மூன்று நாள் பிடித்துக்கொள்ளும். மறுபடி பிதுங்கிவிட்டது என்று மனம் ஓடும். பெரும்பாலும் அப்படி இருக்காது. குதிகால் எண்ணிக்கை குறையவில்லை, வலி முழங்காலுக்குக் கீழே இறங்கவில்லை என்றால் நடையைப் பாதியாக்கிக் குப்புறப் படுத்து எழும்பும் பயிற்சிக்குத் திரும்புங்கள், ஒன்றிரண்டு வாரத்தில் விட்டுவிடும். எனக்கு இப்போதும் வருடத்துக்கு ஒருமுறை வருகிறது.

இனி ஓட்டம். ஓடினால் டிஸ்க் நசுங்கும் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். 2017ல் ஆஸ்திரேலியாவில், ஐந்து வருடத்துக்கு மேலாக ஓடுபவர்களின் டிஸ்க்குகளையும் ஓடாதவர்களின் டிஸ்க்குகளையும் ஒப்பிட்டார்கள். ஓடுபவர்களுடையதுதான் அதிக ஈரத்தோடு இருந்தது. எலும்பைப்போல டிஸ்க்கும் அளவான பாரத்தைக் கேட்கிறது. ஆனால் இப்போதே வேண்டாம். முதலில் அரை மணி நேரம் விறுவிறு நடை, இரண்டு வாரம் தொடர்ந்து, கால்வலி ஏறாமல் வர வேண்டும். கூடவே வயிறு, பக்கவாட்டு, முதுகுத் தசைகளுக்கு மெல்லிய பயிற்சி: கையும் முழங்காலும் ஊன்றி எதிர்க் கையையும் காலையும் நீட்டுவது, பக்கவாட்டில் முழங்கை ஊன்றி இடுப்பைத் தூக்குவது. பத்து விநாடி பிடித்து விடுவது போதும். பாரம் தூக்குவது அதற்குப் பிறகு, குறைந்த எடையில் தொடங்கி.

எல்லாவற்றுக்கும் மேல் அந்தக் குதிகால் எண்ணிக்கை. எஸ்1 சோர்ந்த காலோடு ஓடினால் கெண்டைக்கால் தாங்காது, பாதம் தடுமாறும், வேறு எங்காவது அடிபடும். இடது கால் வலதுக்குச் சமமாக 20 முறை எழும்பும் வாரத்தில் ஷூவைப் போடுங்கள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, ஆறு சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். மறுநாள் காலை கெண்டைக்காலில் புதிய குடைச்சல் இல்லை என்றால் அடுத்த வாரம் ஒன்றரை நிமிடம். எனக்கு இடது கால் அந்த 20ஐத் தொட ஏழு மாதம் ஆனது. அந்தப் பழைய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, முதல் பக்கத்தில் 'இடது: 4' என்று எழுதியிருக்கிறது.